உள்ளங்கைப் புள்ளிகள்

கணேசமூர்த்தியின் உள்ளங்கைகளில் செம்பு நிறத்தில் புள்ளிகள் கிளம்பியிருந்தன. அரிப்பில்லை, வலியுமில்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் வேலை போய், காஜா பேராங் என்ற ஊருக்கு வந்து லாரியில் ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்தான். சிங்கப்பூர் லாரி நடைக்கு ஆள் பொறுக்குகிறவன், கூலிகளுக்கு மேஸ்திரியான மண்டோர் சேதுபதி. தான் போகும் தாசி வீடுகளுக்குத் தன்னோடு வராதவனை அவன் கூப்பிடமாட்டான். "பொண்டாட்டி முந்தானைய விடாதவன் மூட்டை தூக்குவானா?" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பான். மூன்று வாரம் வேலையில்லாமல் நின்ற பிறகு கணேசமூர்த்தியும் அந்தப் படியேறினான்.

பின்பு மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. "இது வராதவன் ஆம்பளையே இல்லடா" என்று சேதுபதி களிம்பு கொடுத்தான். புண் ஆறியது. தப்பித்தோம் என்றிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளரான டிரெசர் நடராஜன் அவன் கைகளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"கிரந்தி நோய்ப்பா. ரத்தத்துல கலந்துருச்சு. ஊசியில தீரும். சம்சாரம்?"

"அஞ்சு மாசம் முழுகாம இருக்கா."

"நாளைக்கே கூட்டியா. வயித்துப் புள்ளைக்கும் போகும்."

அவன் வீடு திரும்பியபோது மனைவி பூங்காவனம் வாசலில் கங்குங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு உனக்கு சத்து ஊசி போடணுமாம்" என்றான்.

அவள் நிமிர்ந்து அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் கைகளை விரித்து நீட்டினாள். அதே புள்ளிகள்.

"புள்ளத்தாச்சி சூடுன்னு நினைச்சேன்," என்றாள். "உங்களுக்கும் எப்படிங்க?"

அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை. வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"புள்ள பொழைக்குமா?"

"தெரியல பூங்காவனம்."

மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போற?"

"மண்டோர் வீட்டுக்கு. அந்தம்மாவும் போன மாசந்தான் முழுகாம இருக்கிறதா சொன்னாங்க."

"சொல்லாத! எனக்கு வேலை போயிடும்."

"போவட்டும்."

வேலை போனது. சேதுபதி அவனைத் தெருவில் வைத்து அடித்தான். ஆனால் அடுத்த வாரம் மனைவியோடு அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

நாடு சுதந்திரம் பெற்ற மாதம் பூங்காவனத்துக்குப் பெண் பிறந்தது. குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்க எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை கணேசமூர்த்தி அதைத் தூக்கப் பயந்து, தொட்டிலருகே கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றான்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றார் டிரெசர்.

பூங்காவனம் குழந்தையைத் தன் பக்கமாக அணைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கச் சொல்லி அவள் அவனைக் கூப்பிட மேலும் பல நாள் ஆனது.