இருபத்திரண்டு டிக்

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள். தாளில் இருபத்திரண்டு கேள்விகள். ஓடுபாதையில் வெடிப்பு இல்லையே? வேலியில் ஓட்டை இல்லையே? தீயணைப்பு வண்டி கிளம்புகிறதா? விமான மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். மேற்பார்வையாளரின் வேலை இவ்வளவுதான். எட்டு வருடத்தில் அவர் இதில் ஒரே ஒரு சிறிய மாறுதல் செய்திருந்தார். சுற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் வரும். மேற்பார்வையாளர் திங்கட்கிழமை காலை, டீ ஆறுவதற்குள், மூன்று தாளுக்கும் சேர்த்து அறுபத்தாறு டிக் போட்டு முடித்துவிடுவார். மழை கொட்டப்போகிற வியாழனிலும் அவருடைய தாளில் ஓடுபாதை காய்ந்தே கிடக்கும். அதற்காக அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. டிக் எல்லாம் ஒரே சாய்வில், அச்சடித்தது மாதிரி இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். மனைவி தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தாள்.

"ஏங்க, தங்கச்சி குழந்தையப் பாக்கப் போறேன். வியாழக்கிழமை. டிக்கெட் எடுத்தாச்சு."

"எந்த பஸ்?"

"பஸ்ஸா? பதினெட்டு மணி நேரம் யாரு உக்காந்துட்டுப் போறது? உங்க விமானத்துலதான். நானும் ஒருவாட்டி பறந்து பாக்கறேன்."

எட்டு வருடமாகப் பயணிகள் என்றால் மேற்பார்வையாளருக்குப் பன்னிரண்டு என்ற எண்தான். அந்த எண்ணுக்குள் இப்போது அவருடைய மனைவி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விமானத்துல ஒரே சத்தமா இருக்கும்," என்றார்.

"மிஷின் சத்தத்தவிடவா?"

"தலை சுத்தும்."

"ஏங்க, நீங்கதானே வாய்க்கு வாய் சொல்லுவீங்க, எங்க ரன்வேய கண்ணாடி மாதிரி வச்சிருக்கோம்னு?"

சொல்லியிருந்தார்தான். மாமியார் முன்னால் வேறு சொல்லியிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய் ஓடுபாதையில் நடந்தார். பாதி தூரம் போவதற்குள் கால் உள்ளே போய்விட்டது. ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு, அதன் ஓரத்தில் இடுப்பளவு செடி, செடியில் ஒரு குருவிக்கூடு. குடும்பமே குடியிருக்கிறது என்றால் வெடிப்புக்கு எத்தனை வயது இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானிக்குக் காட்ட, கம்பத்து உச்சியில் ஒரு துணிக்குழாய் இருக்க வேண்டும். அங்கே இரும்பு வளையம் மட்டும் இருந்தது. வேலி ஓட்டை வழியாக ஆடுகள் வேலைக்கு வருகிற மாதிரி வரிசையாக வந்துகொண்டிருந்தன. தீயணைக்கும் சிலிண்டரைக் காணோம் என்று தேடினால், கழிப்பறைக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அன்றைய விமானம் இறங்கியதை எட்டு வருடத்தில் முதல்முறையாக நின்று பார்த்தார். அது தரையைத் தொட்டு, வெடிப்புக்கு ஒரு சாண் தள்ளி ஓடி, ஆட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. விமானியிடம் ஓடினார்.

"சார், நடுவுல ஒரு வெடிப்பு..."

"அதுவா? தெரியுமே. செடிய அடையாளம் வச்சு இந்தப் பக்கமா இறக்கிடுவேன். ஆடுங்களுக்கும் என்னைத் தெரியும்."

"அப்ப வியாழக்கிழமையும் அப்படியே..."

"வியாழக்கிழமை நான் லீவுங்க. புது ஆள் வராரு."

மேற்பார்வையாளர் நேரே மேலாளரிடம் போனார். மேலாளர் வெடிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, எட்டு வருடத் தாள்கள் தைத்துவைத்த கட்டை இழுத்து மேஜை மேல் போட்டார்.

"போன சனிக்கிழமை வரைக்கும் வெடிப்பே இல்லைன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. செவ்வாக்கிழமை ஒரு முழத்துக்கு வெடிச்சிருக்கு, ரிப்பேர் பண்ணணும்னு நான் எழுதினா, நடுவுல பூகம்பம் வந்துச்சான்னு மேலிடத்துல கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்தான் கடைசியில் அதைத் தோண்டி எடுக்கவும் வேண்டும். மேற்பார்வையாளர் சொந்தக் காசில் அரை மூட்டை சிமென்ட் வாங்கினார். குருவிக்கூட்டைச் செடியோடு பெயர்த்து வேலியோரம் நட்டார். வெடிப்பில் சிமென்ட் கலவையைக் கொட்டிப் பூசினார். வேலி ஓட்டையில் வீட்டுப் பழைய கதவை வைத்துக் கட்டினார். மனைவியின் தையல் அறையிலிருந்து ஆரஞ்சுத் துணியில் இரண்டு கஜம் கிழித்து, கையாலேயே ஒரு குழாய் தைத்துக் கம்பத்தில் ஏற்றினார். அது பேண்ட்டின் ஒற்றைக் கால் மாதிரி இருந்தாலும் காற்றுக்கு ஆடியது. தீயணைப்பு வண்டிக்குப் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுத் தன் காரின் பேட்டரியை வைத்ததும் அது இருமிக்கொண்டு கிளம்பிவிட்டது. உடம்பெல்லாம் வலித்தது. எட்டு வருட வேலையை இரண்டு நாளில் செய்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

புதன்கிழமை சாயங்காலம் மழை பெய்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. காத்திருக்கும் அறையில் பன்னிரண்டு பேரும் வந்தாயிற்று. மனைவி ஜன்னலோரம், மடியில் பையோடு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பியவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஓடுபாதைக்குப் போனார்.

பூசிய இடம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. குனிந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவால் குத்தினார். பேனா பாதி வரை உள்ளே போனது. இழுத்தால் சேறும் கூடவே வந்தது. செடியும் இல்லை. புது விமானிக்கு இனி வெடிப்பு எங்கே என்று தெரியக்கூட வழியில்லை. முன்பு இருந்ததைவிட ஆபத்தாக்கி, மேலே மெழுகியும் வைத்திருந்தார்.

அலுவலகத்துக்கு ஓடிவந்தார். வியாழக்கிழமைத் தாள் மேஜையில் தயாராக இருந்தது. இருபத்திரண்டு டிக், கையெழுத்து. அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், விமானம் இறங்கிவிடும். முதல் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பேனாவில் சேறு இருந்ததால் தாள் அழுக்காயிற்று.

"என்னய்யா பண்றீங்க?" மேலாளர் எழுந்துவிட்டார். "எட்டு வருஷமா இல்லாத வெடிப்பு இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா வேலை போயிடும். உங்க வேலை."

"எட்டு வருஷமா இருந்துச்சு சார். நான்தான் பாக்கல. ரேடியோவுல சொல்லுங்க, இறங்க வேணாம்னு."

பத்து மணிக்கு விமானம் வந்தது. தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. பன்னிரண்டு பேரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் அவரைப் பார்த்தார்கள். மனைவி கம்பத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அது என் துணிதானே? தையலப் பாருங்க, கோணக்கோணையா." பையைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஏன் திரும்பிப் போச்சு?"

பொய் சொல்ல அவருக்குத் தெரியும். அறுபத்தாறு அறுபத்தாறாகச் சொல்லிப் பழகியவர். ஆனால் நேருக்கு நேர் நிற்கிற முகத்திடம் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் திட்டவில்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு சட்டையைக்கூட யார் கையிலும் கொடுக்காதவள் அவள். எல்லோரும் பின்னால் வர அலுவலகத்துக்குள் போய், மேலாளர் மேஜையிலிருந்த தாள் கட்டை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"போன மாசம் பன்னெண்டாம் தேதி. எங்கம்மா தங்கச்சி வீட்டுக்கு விமானத்துல போன அன்னிக்கு. அப்பவும் வெடிப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தீயணைப்பு வண்டி?"

"கிளம்பாது."

"பெட்டிய நீங்கதானே ஓடி ஓடித் தூக்கினீங்க? கைய வேற ஆட்டினீங்க."

மாமியார் மேல் அவருக்கு அப்படியொன்றும் கோபமில்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? யாரோ ஒருவர் சிரித்தார். அதற்குள் பின்னால் நின்ற பெரியவர் முன்னால் வந்தார்.

"தம்பி, போன வாரம் செவ்வாக்கிழமை பாருங்க. என் மகனும் மருமகளும் போனாங்க. கைக்குழந்தையோட."

சிரிப்பு நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் தாளைப் பார்த்தார். அச்சடித்தது மாதிரி டிக். "அன்னிக்கும் இருந்துச்சுங்க," என்றார். பெரியவர் தள்ளி நின்றார். அடுத்து ஒரு பெண் தன் கணவர் போன தேதியைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். டிக்கெட் கவுண்ட்டரில் நிற்பது போல வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொரு தேதிக்கும் அவர் தாளைப் புரட்டி, இருந்துச்சு, இருந்துச்சு என்று சொல்லிக்கொண்டே போனார். வெட்கத்தில் அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வரிசை முடிந்ததும் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பஸ்ஸுக்குப் போறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை வருவேன். அம்மாவையும் கூட்டிட்டு, விமானத்துல."

"வேணாம். ரெண்டு பேரும் பஸ்லயே வந்துடுங்க. எதுக்கு வம்பு?"

"அப்ப நீங்க எதுக்கு இங்க இருக்கீங்க?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். மேஜையில் நாளை மறுநாளுக்கான சனிக்கிழமைத் தாள் இருந்தது, இருபத்திரண்டு டிக்கோடு. மேற்பார்வையாளர் அதை இரண்டாகக் கிழித்தார். டிக் போடாத புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றாம் கேள்வியிலிருந்து நடக்க ஆரம்பித்தார்.