டிக்கெட் இல்லாத ஏழாவது ஆள்

நாத்தனார் டேப்பை எடுத்துவந்து சின்ன அறையை அளந்தார். பிறகு கூடத்துக்குப் போய் உடற்பயிற்சி சைக்கிளை அளந்தார். அறையில் கிடக்கும் மேஜையை அப்புறப்படுத்தினால் சைக்கிள் உள்ளே போகும். இரண்டு விரற்கடை மிச்சமும் இருக்கும்.

மேஜை அவளுடையது. அதன் மேல் முந்நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு மாடல் விண்கலம் கிடந்தது.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஆறு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். முழங்காலுக்கு நல்லது என்று சைக்கிளை வாங்கினார். கூடத்தில் எல்லோர் கண்முன்னாலும் மிதிக்கக் கூச்சம். அதனால் கைப்பிடியில் துண்டும் இருக்கையில் தம்பியின் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன.

அவளுடைய கணவன் குழாய் வேலை செய்பவன். ஊரில் எங்கே அடைப்பு என்றாலும் எடுத்துவிடுவான், சொந்த வீட்டில் ஏற்படுவதைத் தவிர. நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று நழுவிவிட்டான். அவர்களும் பேசி முடித்தார்கள். அடுத்த மாதம் மாடல் கட்டுவோர் சங்கத்தில் போட்டி. ஏதாவது ஒரு பரிசு கிடைத்தால் அறை அவளுக்கு, அதற்கப்புறம் யாரும் டேப்பை எடுக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் சைக்கிளுக்கு.

ஆறுதல் பரிசு என்றாலும் சேர்த்தி தானே என்று அவள் கேட்டாள்.

"ஆறுதல நானே தரேம்மா. மேஜைய நானே தூக்கிட்டு வந்து கூடத்துல போட்டுத் தரேன்."

அவளுக்குப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. விண்கலத்துக்கு வேண்டிய கைப்பழக்கம் எல்லாம் அங்கே வந்ததுதான். துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டி, வெட்டிய தழும்பைத் தேய்த்து, ஒட்டிய கோடு தெரியாமல் பூசினாள். அது ஏதோ ஒரு தொடரில் பதினொரு நிமிடம் வந்து வெடித்துச் சிதறும் பழைய சரக்குக் கலம். புதிதாகத் தெரிந்தால் கெட்டது. வெளிச்சுவருக்கு அவள் எடுத்த நிறம், நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கும் ஒரு வாடிக்கையாளரின் கடைவாய்ப்பல்லுடையது. விளிம்புகளில் காப்பிக் கறை.

கலத்துக்குள்ளே சரக்கறை. அங்கே நிறுத்த ஏழு பொம்மைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் உயரம். மாடல் கட்டுவதில் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு. உள்ளே இருப்பதற்கு நாள்கணக்கில் வர்ணம் தீட்டுவார்கள். பிறகு மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். அதை ஒரு ஜீவன் பார்க்காது. இந்தக் கலத்தில் பின்கதவு திறந்திருக்கும். ஆனால் கதவிலிருந்து சரக்கறைக்குப் போகும் வழி வளைந்து போகிறது. டார்ச் வெளிச்சம் வளையாது.

அறையை அளந்த அடுத்த ஞாயிறு மதியம், அவள் பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேப்டனுக்குக் கறுப்புக் கோட்டு போட்டாள். மிச்சமான பிளாஸ்டிக் சட்டத்தை உருக்கி ஒரு சொட்டு எடுத்துத் தலையில் கொண்டை வைத்தாள். இடுப்பைக் கொஞ்சம் தாராளமாக்கினாள். மாலுமிகள் ஐந்து பேரை அவர் முன் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தாள். டிக்கெட்டை, பெட்டியோடு வந்த விளக்கத் தாளின் ஓரத்திலிருந்து வெட்டினாள். வரிசையில் முதல் ஆள் கையில் அதே சட்டத்தில் செய்த குழாய் ஸ்பானர். ஏழாவது பொம்மைக்கு ரோஜா நிற ஏப்ரன் தீட்டி, எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார வைத்தாள். அதற்கு டிக்கெட் இல்லை. பட்டறையில் அவள் கட்டுவதும் ரோஜா நிற ஏப்ரன்தான்.

ஒட்டி மூடினாள். இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போட்டியன்று நாத்தனாரும் வந்தார். தோற்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார். கணவன் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, தோளில் தொழில் பையோடு நேராக அங்கேயே வந்து சேர்ந்தான்.

'பெட்டிப்படி' என்ற பிரிவில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். வர்ணமும் பசையும் தவிர, மாடல் பெட்டியில் வருவதை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும். நடுவர் மெலிந்தவர், மூச்சு விடுவதைக்கூடக் கணக்காக விடுபவர். வெளிச்சுவரின் அழுக்கை வெகுநேரம் பார்த்தார். இந்தக் கறை எப்படி வந்தது என்று கேட்டார். கடைவாய்ப்பல் என்றாள். அவர் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து பின்கதவு வழியே டார்ச் அடித்தார். வளைவு மறைத்தது.

"உள்ள ஒண்ணும் இல்ல சார். வெறும் கூடு," என்றாள்.

அது தப்பு. பையில் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களின் பையைத்தான் நாத்தனார் வாழ்நாள் முழுக்க முதலில் திறந்திருக்கிறார்.

"இருக்கட்டுமே. பாக்கட்டும்," என்றார்.

கணவனுக்கு உதவி செய்ய ஒரு வாய்ப்பு. என்கிட்ட ஒண்ணு இருக்கு சார் என்று பையைத் திறந்தான். அடைத்த குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமரா. பென்சில் மொத்தத்தில் வளையும் வயர், நுனியில் விளக்கு. காலையில் அது எங்கே இருந்தது என்று அவன் சொல்லவில்லை. நடுவரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று சங்கத்துப் பையன்கள் அதைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தார்கள். அவள் கணவனின் காலை மிதித்தாள். இடமில்லை போல என்று நினைத்து அவன் தள்ளி நின்றான்.

வயர் வளைவைத் தாண்டியது. திரையில் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கோட்டு வந்தது. கொண்டை வந்தது. இடுப்பு வந்தது.

கூட்டத்தில் பின்னால் யாரோ சிரித்தார்கள். நாத்தனாரைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், மறுபடி சிரித்தார்கள். கணவன் குழாய் ஸ்பானரை அடையாளம் கண்டு, "அட, நானு," என்றான். அவள் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அறை போய்விட்டது. அதோடு நின்றால் பரவாயில்லை என்று தோன்றியது.

நாத்தனார் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போனார். ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்தார்.

"அஞ்சு பேர்கிட்ட இருக்கு. பீப்பாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்கறது யாரு?"

ரோஜா ஏப்ரனை அவரே பார்த்தார். "சரி. அத வீட்ல பாத்துக்கறேன்."

நடுவர் தொண்டையைச் செருமினார். வேலை உயர்ந்த தரம், ஆனால் பெட்டியின் படத்தில் கொண்டை இல்லை, டிக்கெட் இல்லை, எனவே இந்தப் பிரிவில் எடுத்துக்கொள்ள முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

பந்தயப்படி நாத்தனார் ஜெயித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"விதி எழுதின தாள் குடுங்க," என்றார்.

கண்ணாடியை மாட்டி, பொடி எழுத்து வரை படித்தார். கூடமே காத்திருந்தது.

"வெளித்தோற்றம் படத்தோட ஒத்திருக்கணும்னுதான் போட்டிருக்கு. உள்தோற்றம்னு எங்க இருக்கு, காட்டுங்க."

நடுவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் வராத எதுவும் கூடாது என்று நாலாவது விதி இருக்கிறதே என்றார்.

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார். "கொண்டை எதுல செஞ்சே?"

"பெட்டில வந்த சட்டம்க்கா. மிச்சத்தை உருக்கினேன்."

"டிக்கெட்?"

"விளக்கத் தாளோட ஓரம்."

"அதுவும் பெட்டியில வந்ததுதானே. இன்னும் என்ன சார் வேணும்? அந்தம்மா நிக்கற தோரணையப் பாருங்க. தகுதி இல்லங்கறீங்களே."

அந்தம்மா என்று அவர் சொன்னது திரையில் நிற்பவரை.

மூன்றாம் பரிசு கொடுத்தார்கள்.

திரும்பும்போது பேருந்தில் கலம் அவள் மடியில் இருந்தது, கேடயம் நாத்தனார் மடியில். நாலாவது நிறுத்தம் தாண்டியதும் நாத்தனார் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். கேடயத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்னையவே பேச வெச்சு என் அறைய வாங்கிட்டே."

"நான் ஒண்ணுமே கேக்கலியேக்கா."

"கேக்கல. அதான் சொல்றேன்."

டிக்கெட் இல்லாத பயணத்துக்குத் தண்டனை வீட்டுக்கு வந்ததும் அறிவிக்கப்பட்டது. தினம் இருபது நிமிடம் சைக்கிள், ஒரு மாதத்துக்கு. கூடத்தில், எல்லோர் கண்முன்னாலும். அவள் துண்டையும் சட்டையையும் எடுத்து வைத்துவிட்டு மிதித்தாள். நாத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் பார்த்தார்.

பத்தாம் நாள் காலை கணவன் வேலைக்குக் கிளம்பும்போது கேமராவைக் காணவில்லை. யார் வீட்டிலோ சாக்கடை நிரம்பி வழிகிறது, நான்கு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பையைக் கொட்டினான், கட்டிலுக்கு அடியில் தேடினான். சின்ன அறையின் கதவைத் திறந்தான்.

நாத்தனார் மேஜை முன் உட்கார்ந்திருந்தார். வயர் கலத்தின் பின்கதவுக்குள் போயிருந்தது. கையில் இருந்த சின்னத் திரையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இருடா," என்றார். "ரெண்டாவது ஆளோட டிக்கெட்டுல தேதி இல்ல."