தோளுக்கும் கைக்கும் நடுவே ஒரு தாள்

ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஸ்டேடியத்தின் நான்காம் வாசல் கண்ணாடிக் கதவில் ஆட்டக்குழுவுக்குத் தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அதில் பெயர் இருக்காது. தேர்வன்று இடுப்பில் குத்திக்கொண்ட எண் மட்டும்தான். லவோன் நாற்பத்தொன்று. அவள் தோழி ட்வைலா நாற்பத்திரண்டு. பெண்களை இடித்து விலக்கிக்கொண்டு போய், லவோன் விரல் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு.

மறுபடியும் மேலேயிருந்து பார்த்தாள். நாற்பத்திரண்டு இல்லை.

"உன்னோடது இருக்குல்ல?" பின்னாலிருந்து ட்வைலா கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப சரி. அந்தச் சனியன் புடிச்ச வெள்ளை பூட்ஸைத் திருப்பிக் குடுத்துரலாம். மூணு வருஷமா என் சுண்டுவிரலைத் தின்னுச்சு."

கார்க் கதவைத் திறக்க வலது கையைத் தூக்கிய ட்வைலா, பாதியில் நிறுத்தி இடது கையால் திறந்தாள். லவோன் அதைப் பார்த்தாள்.

லவோனுக்கு இது ஒன்பது வருஷத்துப் பிழைப்பு. வாரம் முழுக்க வளைகுடாக் கரையில் இறால் ஆலையில் நின்றபடி ஓடு உரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழம் போட்டு விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பந்தாட்ட மைதானத்தில் அறுபதாயிரம் பேருக்கு நடுவே, அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடராக ஆடுவாள். ஆட்டத்துக்குப் பதினைந்து டாலர். வீரர்களுக்கு இருந்த டாக்டரும் ஐஸ் தொட்டியும் இவர்களுக்குக் கிடையாது. வருஷா வருஷம் ஏப்ரலில் புதிதாய் வந்தவளைப் போலவே எண் குத்திக்கொண்டு, நடுவர்களாய் உட்காரும் கார் வியாபாரி, பல் டாக்டர், ரேடியோக்காரன் முன்னால் ஆடிக் காட்டித்தான் இடம் வாங்க வேண்டும்.

பழைய ஆளுக்கென்று அங்கே ஒரே ஒரு மரியாதை உண்டு. பத்தாவது வருஷம் ஆடுகிறவள், முதல் ஆட்டத்தன்று வீரர்கள் வரும் சுரங்க வாசல் வழியே தனியாக ஓடி வரலாம். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லுவார்கள். மற்றபடி குழுவின் முப்பத்திரண்டு பேருக்கும் மைதானத்தில் பெயரே கிடையாது. இதுவரை அப்படி ஓடி வந்தவர்கள் இரண்டே பேர்.

போன அக்டோபரில் லவோனின் இடது இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு நடனத்தின் முடிவிலும் எகிறிக் குதித்து, காலிரண்டும் முன்னும் பின்னும் விரிய அப்படியே தரையில் விழ வேண்டும். சிமெண்டின் மேல் விரித்த செயற்கைப் புல் பாயில் ஒன்பது வருஷம் விழுந்தால் எந்த எலும்பு தாங்கும்? வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு விழுந்துவிடலாம். ஆனால் வரிசையாக நின்று, தோளில் கை கோத்து, கண் உயரத்துக்குக் காலை வீசும்போதுதான் ஆபத்து. வலது காலைத் தூக்கினால் முழு உடம்பும் இடது இடுப்பின் மேல் நிற்கும்.

இடப்பக்கம் நின்றவள் ட்வைலா.

"இந்த ஒரு வருஷம் மட்டும் என்னைத் தாங்கிக்கடி. பத்தாவதுக்குப் போயிட்டாப் போதும்" என்றாள் லவோன்.

"எடையக் குறைடி முதல்ல, மாடே" என்றாள் ட்வைலா. அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் தோள்தான் லவோனின் இடுப்பாக இருந்தது.

பாரம் போடுவது அங்கே பெரிய குற்றம். தோளில் கை இருக்கலாம், கனம் இருக்கக் கூடாது. பயிற்சி கொடுக்கும் மிஸ் ஃபே அதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பயிற்சியின் நடுவே வரிசைக்குப் பின்னால் நடந்து வந்து, யாராவது ஒருத்தியின் கைக்கும் அடுத்தவளின் தோளுக்கும் இடையே ஒரு தாளைச் செருகி உருவுவாள். தாள் முழுசாக வர வேண்டும். கிழிந்தால் வீட்டுக்கு. மிஸ் ஃபே அருகே வருவது தெரிந்ததும் ட்வைலா லவோனின் முதுகில் கிள்ளுவாள். லவோன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்துவாள். ஒரு சீசன் முழுக்க ஒரு தாளும் கிழியவில்லை.

தேர்வின் கடைசிச் சுற்றிலும் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். "நாப்பத்திரண்டு வலது தோளைச் சாய்க்குது. வரிசையே கோணலாப் போச்சு" என்று பல் டாக்டர் சொன்னது லவோனின் காதில் விழுந்தது. தன்னால்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டியல் வந்த பிறகும் சொல்லவில்லை. மே முடிந்தது. ட்வைலாவுக்குப் போன் செய்யவும் துணிவு வரவில்லை.

ஜூன் பயிற்சியில் ட்வைலாவின் இடத்தில் கெண்ட்ரா வந்து நின்றாள். பத்தொன்பது வயசு. மூன்றாவது வீச்சிலேயே தோளைச் சிலுப்பினாள்.

"மேடம், கனமா இருக்கீங்க" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒன்பது வருஷத்தில் வரிசையில் யாரும் லவோனை மேடம் என்று அழைத்ததில்லை. பின்னால் மிஸ் ஃபேயின் செருப்புச் சத்தம் கேட்டது. கிள்ள யாரும் இல்லை. தாள் உள்ளே போவது தெரிந்தது. கையைத் தளர்த்தினாள். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம்.

மிஸ் ஃபே கையில் பாதித் தாள். மீதி லவோனின் உள்ளங்கைக்குக் கீழே. மிஸ் ஃபே அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் ஆடியவள்தான்.

"ட்வைலாவோட தோள் சாஞ்சதும் இதாலதானா?" என்றாள் மெதுவாக.

"ஆமா மிஸ் ஃபே. அக்டோபர்லேருந்து. அவ மேல தப்பே இல்ல. என்னை எடுத்துட்டு அவளைக் கூப்பிடுங்க."

"அவ உடுப்பைக் கெண்ட்ராவுக்கு வெட்டித் தெச்சாச்சு தங்கம். குழுவோட காலண்டர் படமும் புடிச்சாச்சு. ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாம்ல நீ?"

லவோனால் குனிந்து பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. கெண்ட்ராதான் மண்டியிட்டு உருவிக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேரே ட்வைலா வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் போனாள். நீராவிக்கு நடுவே ட்வைலா இடது கையால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லவோன் எல்லாவற்றையும் சொன்னாள். தாள் கிழிந்தது, உண்மையைச் சொன்னது, பூட்ஸைக் கொடுத்துவிட்டு வந்தது.

ட்வைலா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப நீயும் வெளியே."

"ஆமா."

"உன் பேரைச் சொல்ல மாட்டாங்க."

"மாட்டாங்க."

"முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வெச்சிருக்கேன்டி, கழுதை. சுரங்க வாசலுக்கு நேர் மேல. உன் பேரைச் சொல்றப்ப கேக்கணும்னு. பின்ன எதுக்குடி உன்னைச் சுமந்தேன்?"

"உன்னைத் தூக்கிட்டாங்களே..."

"என் தோள்டி அது. குடுத்தேன், போச்சு. நீயாவது ஓடியிருக்கணும்." அவள் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு மாசம் ஒரு போன் இல்ல. இப்ப வந்து நிக்கிற."

லவோன் நின்றாள். அங்கே தாழ்வான ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தால் இந்த இடுப்போடு எழுந்திருக்க முடியாது.

கூடையில் துவைத்த படுக்கை விரிப்புகள் குவிந்திருந்தன. ட்வைலா ஒன்றை இழுத்து, பார்க்காமலேயே மறுமுனையை நீட்டினாள். லவோன் பிடித்துக்கொண்டாள். விரிப்பை உதறி மடிக்க இருவரும் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ட்வைலாவின் வலது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. லவோன் தன் முனையையும் அந்த உயரத்துக்கே இறக்கினாள். விரிப்பு தரையில் புரண்டது. அழுக்காகிவிட்டது என்று ட்வைலா அதைத் திரும்பத் துவைக்கப் போட்டாள்.