ஒரு மோதல் பாக்கி

1

உண்மையை ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. அரசு மருத்துவமனை ஒன்றைக் கட்டப்போகிறார்கள். செங்கல் வைக்கும் முன்பே முழுக் கட்டடமும் கணினியில் எழும்பிவிட்டது. குழாயும் உத்தரமும் இடித்துக்கொள்ளும் இடம் திரையில் சிவக்கும். அதற்குப் பெயர் மோதல். அதைத் தீர்க்கத்தான் கூட்டம்.

"நான் மேல போறேன், நீங்க கொஞ்சம் இறங்குங்க."

"நான் எப்படி சார் அசையறது? என் மேலதான் மாடியே நிக்குது!"

குழாய்க்காரர் தன்னைக் குழாய் என்றே பேசுகிறார், மற்றவர் உத்தரம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

[முதல் தொடக்கம்: "பொதுப்பணிகளில் தகராறுகளைக் குறைக்கும் தொழில்நுட்பம்..." அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி.]

சிரிக்காத அந்தப் பெண் அரசுத் தரப்புப் பொறியாளர். ஒப்பந்ததாரர் பக்கம் குழாய் வேலையைப் பார்ப்பவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. (அக்காவையும் தம்பியையும் ஒரே வேலையில் விடுவார்களா என்று கேட்பீர்கள். உறவை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?)

மூன்று வருடத்துக்கு முன் இருவரும் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் இருந்தார்கள். தம்பி குழாயை இடம் மாற்றிப் பதித்துவிட்டான் என்று அக்கா கடிதம் எழுதினாள். சுவரை இடித்தார்கள், அவன் தலைகுனிந்து நின்றான். விசாரணையில்தான் தெரிந்தது, அவள் கையில் இருந்தது பழைய தேதியிட்ட வரைபடம். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அவள் 'மேடம்'. அந்தச் சொல் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

3

இப்போது இருவருக்கும் கணினியில் ஒரே வரைபடம், ஒரே தேதி. குழந்தைகள் வார்டில் ஒரு சிவப்பு. அதை ஒட்டிய குறிப்புப் பெட்டியில் எழுதினாள்:

"இங்க இடிக்குது."

"பார்த்தேன் மேடம்."

அவள் பெட்டியை மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு,

[பிடிவாதக்காரி இப்படி எழுதுவாளா? இரண்டு தடவை அடித்தேன். மூன்றாம் தடவை அவளே எழுதிவிட்டாள், நான் என்ன செய்ய?]

"பள்ளிக்கூடத்துல தப்பு என்னோடது. நான்தான் பழைய தேதியிலயே நின்னுட்டேன்."

நாற்பது பேர் படிக்கும் பெட்டி அது. அனுப்பிய பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் பதில் இருந்தது.

"பரவால்ல. நான் நகந்துக்கறேன் அக்கா."

4

முடிவு ஒன்று: தம்பி வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். (சினிமா.) முடிவு இரண்டு: அவள் போனை எடுத்து... ம்ஹூம்.

குழாய் நகர்ந்துவிட்டது, சிவப்பும் போய்விட்டது. 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினால் மோதல் கணக்கிலிருந்து நீங்கும். கூடவே அந்தப் பெட்டியும், அதிலிருக்கும் 'அக்கா'வும் கண்ணிலிருந்து மறையும். அவள் அழுத்தவில்லை. திங்கள்தோறும் அறிக்கையில் வருகிறது: மோதல், ஒன்று பாக்கி.

"இன்னுமா முடியல?" என்கிறார் மேலதிகாரி.

"முடிஞ்சிடும் சார்."

எனக்கும் அழுத்த மனம் வரவில்லை. பொத்தான் இப்போது உங்கள் விரலடியில். அவசரமில்லை, இன்னொரு தடவை படித்துவிட்டே அழுத்துங்கள்.