பக்கத்துக் கடல்

கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்குவதற்குள் மெர்வின் கார் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தான். அவன் மனைவி பெரில், எடுத்து வைத்த இரண்டு கோப்பைகளில் ஒன்றைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தாள். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த கேரவனின் சின்ன ஜன்னலுக்கு வெளியே கூழாங்கல் மேடும், அதற்கப்பால் நியூகேல் கடலும் கிடந்தன.

"வீட்டுப் பின்கதவப் பூட்டுனேனான்னு ஞாபகம் வர மாட்டேங்குது," என்றான்.

"நேத்துதான அந்தக் கதவு வழியா போயிட்டு வந்த?"

"அதான் சந்தேகமே."

திங்கட்கிழமை தக்காளிச் செடிகள். இந்த வெயிலில் கண்ணாடிக் குடிலுக்குள் கருகிவிடும் என்று போனான். செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கிற நாள். அதோடு தக்காளியும். காலையில் போனவன் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினான். நேற்று அவன் வெளிர் நிறக் கால்சட்டையின் பின்பக்கத்தில் வளையமாக மண் ஒட்டியிருந்தது. காரில் மண்வெட்டியைப் போட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பான் என்று திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்துக் கேரவன் கதவில் காயப்போட்டாள்.

போர்ச்சுக்கல் போகலாம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். எதற்கு என்று கேட்டான் மெர்வின். லண்டன்காரர்கள் நாள் முழுக்கக் கார் ஓட்டி வந்து பார்க்கிற கடல் நம் வாசலில் கிடக்கிறது. விமான நிலைய வரிசை இல்லை, நம் தலையணை, நம் கசாப்புக்கடைத் தொத்திறைச்சி. அவன் சொன்னது பொய்யுமில்லை. வந்த அன்று மாலை கடல் பின்வாங்கிய ஈரமணலில் வெறுங்காலோடு நடந்தபோது, இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் வராமல் போனோமே என்று அவளுக்கே இருந்தது. அவள் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வாரம், இரண்டு நாற்காலி, பக்கத்தில் நீ. பால் லாரி ஓட்டியவனின் மனைவி. விடிவதற்கு முன் அவன் கிளம்பிப்போகும் சத்தத்தைக் கேட்டே வயதானவள். இந்த வசந்தத்தில் அவன் ஓய்வு பெற்றான். அதன் பிறகும் அவள் ஒரு அறைக்குள் வந்தால் அவனுக்கு இன்னொரு அறையில் ஏதோ வேலை இருந்தது. சண்டை இல்லை. சண்டை என்றாலாவது பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நீ உக்காரு," என்று, அவன் தேடி எடுத்த சாவியைக் கையிலிருந்து வாங்கினாள். "நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

பின்கதவு பூட்டித்தான் இருந்தது. தோட்டத்துக் கண்ணாடிக் குடிலுக்குள் பக்கத்து வீட்டு கிளெனிஸ் பூவாளியோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா, இன்னைக்கு உன் முறையா?" என்று சிரித்தாள். ஊருக்குக் கிளம்பும்போதே மெர்வின் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுத்துவிட்டுப் போனானாம். "ஆனா தினமும் வந்துடறாரு. செடியத் தொடறது கூட இல்ல. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு, டீயக் குடிச்சுட்டு, சும்மா இருப்பாரு. உங்களுக்குள்ள சண்டையோன்னு நான் கேட்டுக்கல."

"சண்டையெல்லாம் இல்ல," என்றாள் பெரில்.

கிளெனிஸ் போன பிறகு அந்த வாளியை ஒரு உதை உதைக்கலாம் போலிருந்தது. உதைக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த அதன் ஈரமண் ஒட்டிய அடியில் உட்கார்ந்தாள். காற்று இல்லை. இலைகளின் பச்சை நெடி, கண்ணாடியில் ஒரு ஈயின் சத்தம், முதுகில் மெல்ல ஏறும் சூடு. இங்கே யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அவன் எதற்காக இங்கே வருகிறான் என்பது உடம்புக்கே புரிந்தது, புரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கேட்கப்போகும் கேள்வியைக் காரில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்தாள். என்னிடமிருந்து தப்பிக்க உனக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு வேண்டியிருக்கிறதா? மேட்டிலிருந்து இறங்கும்போது கடல் முழுதாகத் தெரிந்தது. கேள்வி சின்னதாகிப்போனது.

கேரவனுக்கு முன்னால் அவன் கழிகளை அடித்துக் கோடுபோட்ட துணியைக் காற்றுக்குத் தடுப்பாகக் கட்டியிருந்தான். அதன் மறைவில் இரண்டு நாற்காலிகள் நெருக்கமாகக் கிடந்தன. உட்கார்ந்தால் கடல் தெரியாது. அவன் நின்றுகொண்டு சாலையைப் பார்த்திருந்தான்.

"பூட்டியிருந்துச்சா?"

"இருந்துச்சு."

"செடிங்க?"

"காஞ்சுதான் கெடந்துச்சு," என்றாள் அவன் முகத்தைப் பார்த்து. "ஊத்திட்டு வந்தேன்."

அவன் தலையாட்டினான். செடியிலிருந்து பறித்துக் கொண்டுவந்த தக்காளிகளை மேஜையில் வைக்க அவள் திரும்பினாள். பின்னால் அவன் அசையாமல் நிற்பது தெரிந்தது. பிறகு பக்கத்தில் வந்தான். அவள் பாவாடையின் பின்புறத்தில் ஒட்டியிருந்த மண் வளையத்தைக் கையால் ஒருமுறை தட்டினான். இன்னொரு முறை தட்டினான். மண் ஈரமாக இருந்தது, போகவில்லை. கையையும் அவன் எடுக்கவில்லை.