இறக்கத்தில் இரண்டு எஞ்சின்கள்

ரோவீனா ப்ரூயிட்டும் அவள் தம்பி டெல்மரும் வசந்தத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு டீசல் எஞ்சின். சரியாகச் சொன்னால் இரண்டு.

பண்ணை இருவருக்கும் பொது. ஐடஹோ மலையடிவாரத்தில் வைக்கோல் நிலம், மேலே எல்க்ஹார்ன் மேட்டில் கோடை மேய்ச்சல். மாட்டு டிரெய்லரை அந்த மலையில் ஏற்றி இறக்க ரோவீனாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். மூன்றரை லட்சம் மைல் ஓடியும் அதைப் பிரித்து வேலை பார்த்ததில்லை. தண்ணீர் பம்ப் மாற்றினாள், டர்போ மாற்றினாள், அவ்வளவுதான். ஊரில் யார் எந்த எஞ்சினைப் புகழ்ந்தாலும், "என்னுது ஓடின தூரம் ஓடட்டும், அப்புறம் வந்து பேசு" என்பாள்.

டெல்மர் அக்காவைக் கேட்காமல் போய் எட்டு சிலிண்டர் புது பிக்கப் ஒன்றை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினான்.

"என்னடா இது?"

"வண்டிக்கா."

"எனக்குக் கண்ணு இருக்கு. எவ்வளவு?"

"எழுபத்தெட்டாயிரம்."

"டாலரா?"

"இல்ல, முட்டை."

ரோவீனா சிரிக்கவில்லை. பானட்டைத் திறக்கச் சொன்னாள். உள்ளே குழாயும் வயரும் மூடியுமாக எஞ்சினே கண்ணுக்குத் தெரியவில்லை.

"என் எஞ்சினுக்கு நாலு ஸ்பேனர் போதும். இதுக்கு ஒரு சென்சார் கோவிச்சுக்கிட்டாலும் டவுனுக்கு இழுத்துட்டுப் போகணும். இந்த டீசல் பம்ப் ஒண்ணு போச்சுன்னா, அந்தச் செலவுல என் வண்டி மாதிரி ஒண்ணு வாங்கிடலாம். எத்தனை வருஷம்டா இது தாங்கும்?"

"உன்னுது தாங்கும்க்கா, யாரு இல்லேன்னா? ஆனா நீ மேடு ஏறும்போது பின்னால வர்றவன் வண்டிய நிறுத்திட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வர்றான். நான் ஒரு நடையில ஏத்துறதை நீ ரெண்டு நடை அடிக்கிற. அந்த டீசலும் உன் இடுப்பு வலியும் எந்தக் கணக்குல வரும்? வாங்கின விலையை மட்டும் பார்த்தா போதுமா?"

அவன் கணக்கு சரிதான். அதுதான் அவளைச் சுட்டது. அன்று முதல் இருவரும் பண்ணை நாயைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். "இன்னிக்கு வேலியைப் பார்க்கணும்னு அவங்ககிட்ட சொல்லு" என்பான் டெல்மர். நாய் வாலை ஆட்டும்.

ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீ பிடித்தது.

பெரிய மந்தையை முதல் நாளே ஓட்டி இறக்கிவிட்டார்கள். பிந்திக் கன்று போட்ட மாடுகளும் அவற்றின் கன்றுகளும் மேல் பட்டியில் மிச்சமிருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மலை ரோட்டின் அடியில் ஷெரிஃபின் ஆள் கார்வின் தடுப்புக் கட்டையோடு நின்றிருந்தான். இரண்டு பிக்கப்புகளும் காலி டிரெய்லர்களோடு வந்து நின்றன.

"ஒரே ஒரு நடைதான்," என்றான் கார்வின். "காத்து திரும்பிச்சுன்னா அப்புறம் யாரையும் மேல விடமாட்டேன். உங்களைத் தேடியும் ஆள் அனுப்ப முடியாது. புரியுதா ரோவீனா?"

"புரியுது. கட்டையை எடு."

பட்டியில் இருவரும் பேசாமலே வேலை செய்தார்கள். நெரிசலில் கன்றுகள் மிதிபடும் என்று பெரிய மாடுகளை ரோவீனாவின் டிரெய்லரிலும், கன்றுகளை மட்டும் டெல்மருடையதிலும் ஏற்றினார்கள். தாய்களும் கன்றுகளும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கத்திய கத்தலில் காது அடைத்தது. சூரியன் செப்புக்காசு மாதிரி தொங்கியது. சாம்பல் பனிபோல் விழுந்து மாட்டு முதுகெல்லாம் வெளுத்தது.

பட்டியிலிருந்து ரோடு முதலில் கணவாய்வரை ஏறும், பிறகு பள்ளத்தாக்குவரை ஒரே இறக்கம். டெல்மர் முன்னால் போனான். பாதி மேட்டில் அவன் வண்டி தளர்ந்தது. ரோவீனா இருக்கையில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"அக்கா." எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவன் நேராகக் கூப்பிட்ட முதல் தடவை. "வண்டி ஏற மாட்டேங்குது. அதுவாவே பவரைக் குறைச்சிடுச்சு."

"என்ன எழுதிக் காட்டுது?"

"எஞ்சினுக்குக் காத்து பத்தலையாம்."

"சாம்பல்டா. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும். நிறுத்து, நான் வரேன்."

ஸ்க்ரூடிரைவரோடு ஓடினாள். ரோட்டோர ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பைன் மரம் அடி முதல் நுனிவரை ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. டெல்மர் மூடியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஃபில்டரை உருவினாள். கம்பளித் துணி மாதிரி சாம்பல் படிந்திருந்தது. அதை டயரில் ஓங்கி ஓங்கி அடித்து உதறினாள்.

"எழுபத்தெட்டாயிரம் முட்டைக்கு மூச்சு முட்டுதாக்கும்."

"இப்ப இது ரொம்ப அவசியமாக்கா?"

"அவசியம்தான். மூடு."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவளுடைய எஞ்சினும் அதே சாம்பலைத்தான் தின்றுகொண்டிருந்தது. ஆனால் குறை சொல்லத் தெரியாத ஜென்மம் அது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. ரோவீனாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. கீழே போய்ச் சேரட்டும், நாயை வைத்துக்கொண்டு இதை நிதானமாகச் சொல்லிக்காட்டலாம் என்று நினைத்தாள்.

கணவாய்க்குச் சற்று முன்பு ரோட்டில் ஒரு கிளை விழுந்து கிடந்தது. டெல்மரின் சக்கரம் அதைப் புரட்டிப் போட்டது. அவள் அதன் மேல் ஏற்றிப் போனாள். அடியில் ஏதோ தட்டி இழுபட்டது. நிற்கவில்லை. டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் வயரை அந்தக் கிளைதான் பிடுங்கியிருக்க வேண்டும். பிரேக் இணைப்பு இருப்பதைக் காட்டும் சிறு விளக்கு டேஷ்போர்டில் அணைந்துபோனது. அந்தப் புகையில் ரோட்டைப் பார்ப்பதற்கே இரண்டு கண் போதவில்லை.

இறக்கம் தொடங்கியது. இரண்டாவது கியரில் போட்டு இறங்கினாள். மாடுகளின் கனம் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. பிரேக்கை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் தீய்ந்த நாற்றம் வந்தது. அது காட்டின் புகை இல்லை. மூன்றாவது வளைவில் மிதித்தபோது பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி அடிவரை போனது.

அப்போதுதான் விளக்கைப் பார்த்தாள்.

"டெல்மர்." தன் குரல் அமைதியாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எனக்குப் பிரேக் போயிடுச்சு."

"டிரெய்லர் பிரேக்கைப் பிடி!"

"அதுவும் இல்ல. வயர் புடுங்கிடுச்சு."

"எஞ்சின் பிரேக்கைப் போடுக்கா!"

புகை வெளியேறும் குழாயை அடைத்து, எஞ்சினையே வண்டியைப் பிடித்து நிறுத்த வைக்கும் பிரேக் அது. அவளுடையது பனிக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. பழுது பார்க்க ஒரு நாள் போதும். ஆனால் புது வண்டி முற்றத்துக்கு வந்த பிறகு, தன் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டு நிறுத்துவதை டெல்மர் பார்க்க வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"அது வேலை செய்யலடா. ரொம்ப நாளா."

திட்டுவான் என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை.

"எந்த கியர்?"

"ரெண்டு."

"மாத்தாத. மாத்தப் போனா நியூட்ரல்ல மாட்டிக்கும், அப்புறம் ஒண்ணும் பிடிக்காது."

"மலைப்பக்கமா சாத்திடட்டுமா?"

"இந்த வேகத்துலயா? மாடு ஒரு பக்கம் சாயும், கவுந்துரும். வேண்டாம். கேளு, என் டிரெய்லர்ல வந்து முட்டு."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? உள்ள கன்னுக்குட்டிங்க இருக்கு!"

"அடியில இரும்புச் சட்டம் இருக்கு. உன் பம்பர் அதுல வந்து உக்காரட்டும். உன் வேகத்துக்கு நான் வந்துடறேன், அப்ப அடி பலமா விழாது. நீ ஸ்டியரிங்கை மட்டும் நேரா பிடி. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மறுத்துப் பேச நேரமில்லை. அவளுடைய எஞ்சின் தன் ஆயுளில் போடாத கூச்சலைப் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வலது பக்கம் விளிம்பு. அதற்குக் கீழே புகை, புகைக்கு அடியில் என்ன என்று அவளுக்கு மனப்பாடம். முன்னால் டெல்மரின் டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் தப்பித்துப் போயிருக்கலாம். அதற்கு பதிலாக அவள் வேகத்துக்குத் தன் வண்டியை விரட்டிக்கொண்டு, அவள் முன்னால் இடைவெளியை அளந்தபடியே ஓட்டினான். கம்பி இடுக்குகளில் கன்றுகளின் ஈர மூக்குகள் தெரிந்தன.

"இப்ப," என்றான்.

முட்டிய அதிர்வு இடிபோல் விழுந்தது. அவள் பற்கள் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டாள், வாயில் ரத்தம் கரித்தது. அவள் வண்டியின் முகப்பு நொறுங்கியது. பம்பர் சட்டத்தில் உட்கார்ந்தது, நழுவியது, மறுபடி உட்கார்ந்தது. பிறகு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். டெல்மரின் எஞ்சின் பிரேக் பிடித்தது. எட்டு சிலிண்டரும் சேர்ந்து அடித்தொண்டையில் உறுமின. இரண்டு வண்டி, இரண்டு டிரெய்லர், அத்தனை மாடு, எல்லாவற்றின் கனத்தையும் அந்த ஒரு எஞ்சின் தாங்கிப் பிடித்தது.

முள் இறங்கியது, தயங்கித் தயங்கி.

"வளைவு வருது," என்றான் டெல்மர். "நீ நேரா தள்ளினா என் டிரெய்லர் மடங்கிடும். என் டயர் தடத்துலயே வா. நான் ஒடிக்கும்போது நீயும் ஒடி."

"ஒடிக்கிறேன்."

"இப்ப. இன்னும். இன்னும் ஒடிக்கா!"

டிரெய்லரின் பின்பகுதி விளிம்பை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. சரளை தெறித்துப் பள்ளத்தில் விழுந்தது. அவள் ஸ்டியரிங்கோடு தன் உடம்பையும் சேர்த்து மலைப்பக்கம் சாய்த்தாள். வளைவு முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்று. அதற்கும் பிறகு, பனிக்காலத்தில் பனி அள்ளும் வண்டி திரும்பும் அகலமான சரளை மேடை. டெல்மர் அதற்குள் ஏற்றி, கால் பிரேக்கையும் சேர்த்து மிதித்து நிறுத்தினான். நின்றது. இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் இறங்கியவன் அவன்தான். ஓடி வந்து அவள் பக்கத்துக் கதவைப் பிடித்து இழுத்தான். "வாயில ரத்தம்."

"நாக்கைக் கடிச்சுட்டேன். ஒரு மாசம் பேச மாட்டேன், உனக்கு நல்லதுதான்."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் சக்கரங்களிலிருந்து நீலப்புகை எழுந்தது. மேலே, கணவாயின் உச்சியில் நெருப்பு எட்டிப் பார்த்தது.

"ஆறட்டும், மெதுவா இறக்கிடலாம்," என்றாள்.

"ஆறுறதுக்குள்ள அது இங்க வந்துடும். வண்டியை விடுக்கா."

"மாடு?"

"திறந்து விடு. கன்னுங்க என்கிட்டதானே இருக்கு."

அவள் டிரெய்லர் கதவைத் திறந்தாள். மாடுகள் குதித்து இறங்கி, மிரண்டு சுற்றின. முன்னாலிருந்த டிரெய்லரில் கன்றுகள் கத்தின. ஒரு கிழட்டுச் சிவப்பு மாடு காதை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தது, மற்றவை தொடர்ந்தன. டெல்மர் நடை வேகத்தில் வண்டியை எடுத்தான். ரோவீனா அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தபடியே வந்தாள். மாடுகளைத்தான் பார்ப்பதாகச் சொன்னாள். கதவு திறந்தபடி நின்ற தன் வண்டி புகையில் மறையும்வரை தலையை உள்ளே இழுக்கவில்லை.

கார்வின் தடுப்புக் கட்டையருகே வாயைப் பிளந்து நின்றான். "என்ன இது, ஊர்வலமா?"

"கட்டையை எடுய்யா," என்றான் டெல்மர்.

தீ அன்று மாலை ரோட்டைத் தாண்டியது. ரோவீனாவின் பிக்கப் எரிந்துபோனது. ரோடு திறந்த பிறகு இருவரும் போய்ப் பார்த்தார்கள். அலுமினியம் உருகி மண்ணில் வழிந்திருந்தது. எஞ்சினின் இரும்பு உடம்பு மட்டும் அப்படியே நின்றது. டெல்மர் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இலையுதிர் காலத்தில் இன்னொரு வண்டி தேட வேண்டியிருந்தது. இந்த முறை சேர்ந்து போனார்கள். பழைய வண்டி விற்கும் ஒருவரின் இடத்தில் ஆறு சிலிண்டர் ஒன்றும் எட்டு சிலிண்டர் ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. இரண்டுமே சில வருஷம் ஓடியவை.

"எட்டையே எடுத்துடலாம்," என்றாள் ரோவீனா.

"எதுக்கு? ஆறுதான் நமக்கு. விலையும் குறைவு, நம்ம கையாலயே பிரிச்சு மாட்டலாம். அன்னிக்கு மேட்டுல ஏறினது உன்னுதுதானே?"

"இறக்கத்துல பிடிச்சது உன்னுதுடா."

"அது எஞ்சின் வித்தியாசம் இல்லக்கா. அந்த பிரேக் இருந்திருந்தா உன்னுதும் பிடிச்சிருக்கும்."

"அப்ப புது வண்டி எதுக்கு வாங்கின?"

"உன்கிட்ட கேட்காம வாங்கினது தப்புதான்," என்றான், எஞ்சினைப் பார்த்தபடியே.

விற்பவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டுக் கூப்பிடுங்க," என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

ஆறு சிலிண்டரையே எடுத்தார்கள், எஞ்சின் பிரேக் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்த மாடல். காசோலையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு ரோவீனா ஓட்டினாள். டவுனைத் தாண்டியதும் நீண்ட இறக்கம். பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு எஞ்சின் பிரேக்கைப் போட்டாள். வண்டி உறுமி, தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கியது. பக்கத்தில் டெல்மர் ஒரு கையால் கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"காலை எடுடா," என்றாள் ரோவீனா. "அங்க பிரேக் இல்ல."