இரண்டாவது பட்டை

சிவப்பு விளக்கடியில், மருந்துத் தண்ணீருக்குள் எக்ஸ்ரே படலம் இன்னும் வெளிறிக் கிடக்கிறது, தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், இதே தட்டில்தான் போன வாரம் அந்த இரண்டாவது பட்டை வந்தது, வந்திருக்கவே கூடாது, என் புரதம் ஒரு பாக்டீரியாவின் காவல்காரன், லட்சக்கணக்கான டிஎன்ஏ எழுத்துகளுக்குள் தனக்குரிய சில எழுத்துகளைக் கண்டு அங்கே உட்கார்ந்து மரபணுவை மூடிவிடும், டிஎன்ஏ ஏணியின் முறுக்கை அவிழ்க்காமல், அதன் பள்ளத்துக்குள் விரல்விட்டு இருட்டில் தடவியே எழுத்தை அறியும், உயிரின் முதல் வாசகன் என்று பேராசிரியர் அறவாழி பொன்னாடையோடு மாநாட்டில் முழங்கினார், கைதட்டினார்கள், திரும்பி வந்து அந்த வாசகனிடம் இரண்டு எழுத்து மாற்றிய போலி டிஎன்ஏவைக் கொடுத்தேன், கதிரியக்கம் ஏற்றிய டிஎன்ஏவைக் கூழ்ப்பலகையில் மின்சாரம் விட்டு ஓட்டுவோம், புரதம் பிடித்தால் டிஎன்ஏ மேலேயே நின்று படலத்தில் பட்டையாகும், பிடிக்காவிட்டால் அடிவரை ஓடிவிடும், போலியும் மேலேயே நின்றது, அதுதான் அந்த இரண்டாவது பட்டை, சார், இது எல்லாத்தையும் பிடிக்குது சார், என் பட்டமே போயிடும் என்றேன், அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, பரந்த மனசும்மா அதுக்கு, அப்படியே எழுதிடு என்றார், மதியம் மேசையிலேயே கண்ணயர்ந்தேன், வாய்மொழித் தேர்வில் புரதம் தேர்வாளரைக் கட்டிப்பிடிக்கிறது, நாற்காலியை, மின்விசிறியை, பொன்னாடையை, ஏட்டி, எந்திரி, என்று உலுக்குகிறாள் தூத்துக்குடி ஜெசிந்தா அக்கா, எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி, என் குறிப்பேட்டைப் புரட்டியபடி, கரைசல்ல உப்பு எங்கட்டி, சார்தான் எடுத்துடச் சொன்னாருக்கா, மாநாட்டுப் படத்துக்குப் பட்டை கருகருன்னு வேணும்னு, நாசமாப் போச்சு, உப்பு இல்லன்னா புரதம் வெறும் மின்னூட்டத்துலயே டிஎன்ஏ முதுகப் புடிச்சித் தொங்கும்லா, எழுத்த எங்க பாக்கப் போவுது, அவரு படம் காட்டுததுக்கு நீ பட்டத்த வுடணுமாக்கும், என்றாள், உப்பைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன், அதுதான் இந்தப் படலம், இதோ இடப்பக்கம், அசல் எழுத்துக்கு, மேலே மெலிசாக ஒரு சாம்பல் கோடு, கறுக்கிறது, வலப்பக்கம் பார்க்கப் பயந்து பார்க்கிறேன், போலி தன்னந்தனியாக அடிவரை ஓடியிருக்கிறது, மேலே சுத்தமாக வெறிச்சோடிக் கிடக்கிறது, புரதத்துக்கு வாசிக்கத் தெரிந்திருக்கிறது, மூச்சு வருகிறது, கதவைத் தட்டுகிறார் அறவாழி, என்னம்மா, ரெண்டாவது பட்டை வந்துச்சா, வரல சார், ஒண்ணுமே வரல, என்று கத்துகிறேன், அடடா, மனசத் தளரவிடாதேம்மா என்கிறார் துக்கம் விசாரிக்கும் குரலில், படலத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன், முழங்கை வழியே மருந்துத் தண்ணீர் சொட்டுகிறது, அந்த வெறுமைக்குள் சிவப்பு விளக்கு முழுசாகத் தெரிகிறது.